ஒருவேளையாரும் உறை போட்ட சிடிகளும்

என் அக்கா கணவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. கடைத்தெருவில் அவருக்கு வழங்கும் பெயர் ஒருவேளையார். வாயைத் திறந்தால் "ஒருவேளை..." என்றுதான் ஆரம்பிப்பார். ஒருவேளை மழை வந்தால், ஒருவேளை சாவி தொலைந்தால், ஒருவேளை மின்சாரம் போனால். அவர் அந்த வாக்கியத்தை முடித்து யாரும் கேட்டதில்லை. பாதியிலேயே கேட்பவர் கம்பி நீட்டிவிடுவார். முகத்துக்கு நேரே எல்லோரும் "அண்ணே" என்பார்கள். நான் அத்தான் என்பேன். அவர் கடையில்தான் எனக்கு வேலை என்பதால் மரியாதையாகவே சொல்வேன்.

வெயில் கொளுத்தும் நாளிலும் குடை கொண்டுவருவார். மூக்குக்கண்ணாடிக்கு மாற்றுக்கண்ணாடி வைத்திருப்பார், மாற்றுக்கண்ணாடியின் பெட்டிக்கு மாற்றுப்பெட்டி வைத்திருப்பார். திரையரங்குக்குப் போனால் முதலில் அவசர வழியைப் பார்ப்பார், அதற்குள் படத்தில் ஒரு கொலை முடிந்திருக்கும். தன் கல்யாணத்துக்கு இரண்டு புகைப்படக்காரர்களை அமர்த்தியவர் அவர். ஒருவேளை ஒருவருடைய கேமரா பழுதாகிவிட்டால்? இரண்டு கேமராவும் நன்றாகவே வேலை செய்தன. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு எடுத்ததில், எந்தப் படத்தைப் பார்த்தாலும் மணமக்களுக்குப் பின்னால் ஒரு புகைப்படக்காரர் கேமராவும் கையுமாக நிற்கிறார். அக்கா அந்த ஆல்பத்தைத் திறப்பதே இல்லை.

கடை என்று சொன்னேன் அல்லவா, அது நகலெடுக்கும் கடை. முன்னால் கண்ணாடி மேசை, பக்கத்தில் ஜெராக்ஸ் இயந்திரம், சுவரோரமாகக் கம்ப்யூட்டர், பின்னால் காகிதக் கட்டுகள் அடுக்கிய சின்ன அறை. டைப் செய்வது நான். நகலெடுப்பதும் வாடிக்கையாளர்களைச் சமாளிப்பதும் அக்கா. லேமினேஷன் இயந்திரம் மட்டும் அத்தானுடையது, வேறு யாரும் தொடக் கூடாது. காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, மறுபுறம் பளபளவென்று அது வெளியே வருவதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதி அவர் தூங்கும்போதுகூட வருவதில்லை என்று அக்கா சொல்வாள். அத்தானைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான்: லேமினேஷன் போட்டவை, இன்னும் போடாதவை. ஒருமுறை அக்காவின் மருந்துச் சீட்டுக்கே போட்டுவிட்டார். மறுமுறை போனபோது டாக்டர் அதில் புது மருந்தை எழுதப் பார்த்தார், பேனா வழுக்கியது. டாக்டர் சீட்டையும் பார்த்தார், அத்தானையும் பார்த்தார், அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏன் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இந்த மனிதரிடம்தான் அந்தக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அது சிடி காலம். முதல்முறை உயிர் கொடுத்ததுமே திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. உங்கள் ஹார்டு டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம், அப்போது கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மீட்பு சிடிகளை இப்போதே தயாரித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். மற்றவர்கள் இதையெல்லாம் படிக்காமலே மூடிவிடுவார்கள். அத்தான் மூன்று முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து தான் பேசி வந்ததை முதன்முதலாக வேறொருவர் பேசிக் கேட்கிறார், அதுவும் ஓர் இயந்திரம்.

அன்றைக்குக் கடையின் கதவை இழுத்து மூடினார். சிடியில் எழுதுகிறபோது அதிர்வு கூடாது என்று என்னை நடக்க விடவில்லை. அக்கா தும்மினாள், அதற்கு ஒரு முறைப்பு. எல்லாம் முடிந்து மூன்று சிடிகள் வெளியே வந்த பிறகு திரை இன்னொன்று சொன்னது: இந்தச் சிடிகளை ஒருமுறை மட்டுமே தயாரிக்க முடியும், மறுபடி தயாரிக்க அனுமதி இல்லை. அத்தானுக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. மாற்று இல்லாத ஒரு பொருள் அவர் வாழ்க்கைக்குள் வந்துவிட்டது! கையில் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கடைக்குள் இங்கும் அங்கும் நடந்தார். தூசி பட்டால்? கீறல் விழுந்தால்? ஈரம் பட்டால்? பிறகு அவர் பார்வை மெல்ல லேமினேஷன் இயந்திரத்தின் பக்கம் திரும்பியது.

"அத்தான், அது ரொம்ப சூடா இருக்குமே" என்றேன்.

"லேமினேஷன் போட்டுக் கெட்டுப்போன பொருள் ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்போம்!"

யோசித்துப் பார்த்தேன். மருந்துச் சீட்டைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதைச் சொன்னால் அக்காவுக்கு மறுபடி ரத்த அழுத்தம் ஏறும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று சிடிகளும் உருளைக்குள் போய், ஓரம் வெட்டப்பட்டு, மூலை வளைக்கப்பட்டு, எண் எழுதப்பட்டுச் சுவரில் ஆணியில் தொங்கின. வாடிக்கையாளர்கள் அலங்காரம் என்று நினைத்தார்கள். புறா வராமலிருக்கவா என்று ஒருவர் கேட்டார். அத்தான் அவரை உட்காரவைத்து ஹார்டு டிஸ்க்கின் நிலையாமையைப் பற்றி விளக்கினார். அவர் வந்தது ஒரு நகல் எடுக்க. நகல் எடுக்காமலேயே போய்விட்டார்.

அத்தோடு விட்டாரா? வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினார். மருந்துக்கடைக்காரர், தையற்கடைக்காரர், புத்தகக்கடைக்காரர் என்று கம்ப்யூட்டர் வைத்திருந்த அத்தனை பேரும் மீட்பு சிடி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அத்தனைக்கும் அத்தான் தன் கையாலேயே உறை போட்டுக் கொடுத்தார். தெரு முழுக்க, ஒவ்வொரு கல்லாவுக்குப் பின்னாலும், பளபளவென்று முன்ஜாக்கிரதை தொங்கியது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக எங்கள் தெருவில் ஒரு கம்ப்யூட்டர்கூடப் படுக்கவில்லை. உறைக்கு அவ்வளவு சக்தி என்று தையற்கடைக்காரர் நம்பினார். அத்தான் மறுக்கவில்லை.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கு ஒரு குறை. இவ்வளவு ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருக்கிறார், இந்த ஹார்டு டிஸ்க்கானால் கல்லுக்குண்டு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்பார். ஏதாவது முனகல் கேட்கிறதா? கேட்காது. பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்திருப்பார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் சிலர் முகம் தொங்கிப்போகுமே, அப்படி.

இனி அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் நிஜமாகவே எதையாவது இழக்கக்கூடியவள் அவள்தான்.

அக்கா குறுக்கெழுத்துப் புதிர் போடுவாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் கட்டம் வரைந்து, குறிப்புகள் எழுதி, கறுப்புக் கட்டங்களை அங்கும் இங்கும் நகர்த்தி, ஒரு சொல் சரியாக உட்கார்ந்தால் தனியே சிரித்துக்கொள்வாள். அவளுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அது. முடித்ததும் ஒரே ஒரு பிரதி அச்செடுத்து அத்தானிடம் கொடுப்பாள். வேறு யாருக்கும் காட்ட மாட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு தடவையாவது அத்தான் திணறுவதைப் பார்க்க வேண்டும்.

அத்தான் வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போவார். கொஞ்ச நேரத்தில் கை வீசிக்கொண்டு வெளியே வருவார்.

"முடிச்சாச்சா?" என்பாள் அக்கா.

"இதுல என்ன இருக்கு? நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சுலபம்."

"காகிதம் எங்க?"

"முடிச்ச கட்டம் எதுக்கு? கசக்கிப் போட்டுட்டேன்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொள்வாள். அடுத்த புதிர் இன்னும் கடினமாக வரும். அதற்கும் அதே பதில்.

உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். காகிதக்கட்டு எடுக்கப் பின்னறைக்குப் போன ஒரு நாள், அத்தான் தலைகீழாகப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் அக்காவின் புதிர், லேமினேஷன் போடப்பட்டு. ஒரு கையில் வெள்ளைப்பலகையில் எழுதும் பேனா, இன்னொரு கையில் ஈரத்துணி. எழுதுவார், உதட்டைப் பிதுக்குவார், துடைப்பார், மறுபடி எழுதுவார். காகிதத்தில் எழுதினால் அடித்துத் திருத்தியது தெரிந்துவிடும், உறையின் மேல் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் தப்புப் பண்ணலாம். என்னைப் பார்த்ததும் அசடு வழிந்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதம்மா. இது ஒண்ணுதான் கொஞ்சம் இழுக்குது."

அந்த ஒன்று மட்டும் இல்லை. முதல் புதிரிலிருந்தே எல்லாம் இழுத்துக்கொண்டுதான் இருந்தன. முடிக்காததை எப்படித் தூக்கிப் போடுவது என்று ஒன்றையும் போடவில்லை. காலிக் காகிதக்கட்டுப் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்து, அவ்வப்போது பழையதை எடுத்து மறுபடி முயற்சி செய்வார். நான் வாய் திறக்கவில்லை. தோற்றுப்போகிற மனிதர் தன் பாட்டுக்குத் தோற்றுக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் ஒரு பதிப்பகத்துக்காரர் நகலெடுக்க வந்தார். ஜெராக்ஸ் இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு அடம்பிடித்தது. காத்திருந்த நேரத்தில் அச்செடுத்து மேசையில் கிடந்த அக்காவின் புதிரை எடுத்துப் போட ஆரம்பித்தார். நகல் வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பாதியோடு நிறுத்திவிட்டு, "இந்த மாதிரி அறுபது இருந்தா ஒரு புத்தகமாவே போடலாம்மா. கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்றார்.

அவர் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னாள்: "பாவம், படிச்ச மனுஷன். பாதிகூடப் போட முடியல. உங்க அத்தான் இதைப் பொசுக்குன்னு போட்டுட்டு வருவாரு."

நான் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். சிரிப்பை அடக்க வேறு இடம் இல்லை.

அறுபது புதிரும் கம்ப்யூட்டரில் சேர்ந்தன, வழக்கம்போல ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அத்தானிடம் போனது. அடுத்த சனிக்கிழமை பதிப்பகத்துக்காரர் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரத் தொடக்கத்தில் அவள் அத்தானிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு பென் டிரைவ்ல போட்டு வச்சுக்கட்டுமா?"

"பென் டிரைவா? இந்தக் கம்ப்யூட்டர்ல நான் அதைச் செருக விட்டதே இல்லை. வைரஸ் வரும். எதுக்கு உனக்கு அது?"

"ஒருவேளை கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா?"

அத்தான் அவளையே பார்த்தார். தன்னுடைய சொல்லைத் தன்னிடமே திருப்பிச் சொல்கிறாளே என்கிற திகைப்பு. பிறகு கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். மூன்று சிடிகளும் வெயிலில் மின்னின.

"அது எதுக்கு அங்க தொங்குது? நான் எதுக்கு இங்க இருக்கேன்?"

இதற்கு மேல் பேசினால் கணவர்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். அக்கா வாயை மூடிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருக்கிற மனுஷர், மனைவி கேட்ட ஒரே ஒரு மாற்றுக்கு மட்டும் கை விரிக்கிறார்.

புதன்கிழமை காலை, பெட்டியில் காதை வைத்த அத்தான் அப்படியே உறைந்துபோனார். டக், டக், டக் என்று உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். திரை கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்தது.

"வந்துடுச்சு!" என்றார்.

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். முகம் பூராவும் வெளிச்சம். ஓடிப்போய் மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார், தையற்கடைக்காரரைக் கூப்பிட்டார், புத்தகக்கடைக்காரர் கூப்பிடாமலேயே வந்தார். கடைக்குள் கூட்டம் சேர்ந்ததும் நாற்காலியில் ஏறி முதல் சிடியை ஆணியிலிருந்து கழற்றினார். சட்டையில் துடைத்தார். கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வெட்டி, இரண்டு விரலால் பிளாஸ்டிக்கைப் பிடித்து மெதுவாக உரித்தார்.

பிளாஸ்டிக்கோடு வெள்ளி நிறமும் உரிந்து வந்தது.

சிடியின் முதுகில் இருந்த பளபளப்பு முழுவதும், ஒரு துளிகூட மிச்சமில்லாமல், உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அத்தான் கையில் மிஞ்சியது வெறும் கண்ணாடி வட்டம். அதைத் தூக்கிப் பிடித்தார். அதற்கு அந்தப் பக்கம் அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது சிடியும் அப்படியே. மூன்றாவதை அவர் உரிக்கவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார், அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அத்தனை வருடம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்ததில் யாரும் கவனிக்கவில்லை. கடைக்குள் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. முதலில் மருந்துக்கடைக்காரர் நழுவினார். பின்னாலேயே தையற்கடைக்காரர். ஒவ்வொருவரும் அவரவர் கல்லாவுக்குப் பின்னால் தொங்குவதைப் போய்ப் பக்கவாட்டில் பார்க்கப் போகிறார்கள் என்பது தெரிந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்தார். பெட்டியைக் கழற்றி, காதை வைத்து, கொட்டாவி விட்டார்.

"டிஸ்க் போயிடுச்சுங்க."

"அந்தச் சிடி மட்டும் நல்லா இருந்திருந்தா..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

"இருந்திருந்தா புது டிஸ்க் போட்டு, கம்ப்யூட்டரை நீங்க வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துதோ அப்படிக் கொண்டுவந்திருக்கலாம். நீங்க அப்புறம் போட்டு வச்சது எதுவும் அதுல வராதுங்க. அது கம்ப்யூட்டரைக் காப்பாத்தறதுக்கு. உங்க ஃபைலைக் காப்பாத்தறதுக்கு இல்ல."

"எதுவுமே வராதா?" இது அக்கா.

"லேப்புக்கு அனுப்பினா எடுத்தாலும் எடுப்பாங்க. மாசக்கணக்காகும், வரும்னும் சொல்ல முடியாது." கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "என் கட்டம்" என்றாள், அவ்வளவுதான். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். விடைகள் அவள் தலையில் இருக்கலாம். எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் ஆரம்பித்தது, எந்தக் குறிப்பை எப்படித் திருப்பிப் போட்டாள் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே செத்துப்போயிருந்தன.

அத்தான் திருதிருவென்று விழித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். பதிப்பகத்துக்காரரிடம் தவணை கேட்கலாம். மழை பெய்தது என்று சொல்லலாம்.

"மறுபடி முதல்லேருந்து போட என்னால ஆகாதுங்க. விடுங்க. புத்தகமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள் அக்கா.

அப்போது அத்தானின் வாய் சட்டென்று நின்றது. கண் ஒரு கணம் பின்னறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, பதற்றத்தில் மறந்தே போயிருந்த எனக்கும் அப்போதுதான் வந்தது. நான் பார்த்துவிட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அறுபது புதிரும் அங்கே, பெட்டிக்குள், உறை போட்டு, கட்டத்தோடும் குறிப்போடும் இருக்கின்றன. கூடவே, அறுபதிலும் அவர் மண்ணைக் கவ்விய கதையும் இருக்கிறது.

விறுவிறுவென்று பின்னறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. நான் காத்திருந்தேன். வெளியே வரக் காணோம். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அத்தான் வாளியின் மேல் உட்கார்ந்து பரபரவென்று துடைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் எழுதியதெல்லாம் போய்விட்டது. வருடக்கணக்காகக் காய்ந்துபோன பழைய எழுத்துகள் அசைந்துகொடுக்கவில்லை. அழுத்தித் தேய்த்ததில் துணிதான் கிழிந்தது.

"ஓ, துடைச்சுட்டுக் குடுத்தா, பத்திரமா எடுத்து வச்சிருந்தேன்னு சொல்லிக்கலாம், இல்லையா அத்தான்?"

அவர் தலை குனிந்தது.

"அலமாரியில ஸ்பிரிட் பாட்டில் இருக்கே. ரெண்டு இருக்கும். அதைப் போட்டுத் தேய்ச்சா போயிடும்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அலமாரியைப் பார்த்தார். கை அந்தப் பக்கம் நீண்டது. வெளியே அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நீண்ட கை அப்படியே நின்றது.

"அதுக்கு ரொம்ப நேரமாகும்மா. அவ அழறா" என்றார்.

ஈரத்துணியை வாளிமேல் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவருடைய அத்தனை ஒருவேளைகளையும் மன்னித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

அக்காவின் முன்னால் மேசைமேல் பெட்டியை வைத்தார். தூக்கிலேறப்போகும் ஆள் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அறுபதும் இருக்கு" என்றார். "ஆனா இதுல ஒண்ணுகூட எனக்கு முழுசா வரல."

அக்கா மேலே இருந்ததை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் பாதி துடைத்த எழுத்துகள், ஒன்றின்மேல் ஒன்றாக. இடம் போதாத இடங்களில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு எழுத்துகள், நெரிசல் பேருந்தில் நிற்பது போல. அடியில் இருந்தது அவள் போட்ட முதல் புதிர். அதில் ஒரு குறிப்பை உரக்கப் படித்தாள்.

"நாம் தூங்கினாலும் சுவரில் விழித்திருக்கும். ஐந்து எழுத்து." கட்டத்தை உற்றுப் பார்த்தாள். "பல்லிகளா?"

"சரியா அஞ்சு கட்டத்துல உக்காந்துதே" என்றார் அத்தான், ஈனசுரத்தில்.

"கடிகாரங்க! கடிகாரம்!"

அத்தான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் ஒரு பல்லி இருந்தது. அதைச் சுட்டிக்காட்டலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாமென்று விட்டுவிட்டார்.

"கசக்கிப் போட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"எல்லாத்தையும் முடிச்சிட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"சுலபம்னு சொன்னீங்களே!" இப்போது அக்காவின் குரல் உயர்ந்தது. "ஒவ்வொரு தடவையும் சுலபம், சுலபம்னு சொன்னீங்களே! அதனாலதானே நான் ஒவ்வொண்ணையும் இன்னும் கஷ்டமாக்கிக்கிட்டே போனேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீங்க முழிக்கிறதைப் பாக்கணும்னு எத்தனை வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்!"

நான் சண்டைக்குத் தயாராக ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கம் ஒதுங்கினேன். அக்கா கையில் இருந்த முதல் புதிரை மறுபடி பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ மெல்ல மாறியது.

"அப்படின்னா, முதல் புதிர்லயே நான் ஜெயிச்சிட்டேனா?"

"முதல்லயே" என்றார் அத்தான்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் இன்னும் தண்ணீர் காயவில்லை, மேசையில் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். அறுபது முறை ஜெயித்திருக்கிறாள், ஒருமுறைகூட அவளுக்குச் சொல்லப்படவில்லை. அத்தனையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால் யாருக்குத்தான் தாங்கும்? அத்தான் மேசை துடைக்கும் துணியை எடுத்து எழுத்துகளைத் துடைக்கப் போனார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். ஒவ்வொன்றையும் அவரே உரக்கப் படித்த பிறகுதான் துடைக்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

புத்தகக்கடைக்காரரின் கம்ப்யூட்டரை இரவல் வாங்கி நான் டைப் செய்தேன். அத்தான் வாளிமேல் உட்கார்ந்து தன் விடைகளைப் படித்தார், அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்து என்னிடம் கொடுத்தார். இரண்டு பாட்டில் ஸ்பிரிட்டும் தீர்ந்தது. மாற்று வைத்திருந்ததால் பயன்பட்ட பொருள் அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல். சனிக்கிழமை பதிப்பகத்துக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். பாதி கட்டங்களின் குறிப்புகளை அக்கா கொஞ்சம் இளக்கியிருந்தாள், அந்தப் படித்த மனிதர் பாவம் இல்லை, புதிர்தான் கடினம் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. உயிர் கொடுத்ததும் அதே அறிவிப்பு வந்தது, மீட்புக்கான பென் டிரைவை இப்போதே தயாரித்துக்கொள்ளுங்கள் என்று. அத்தான் தயாரித்தார். தயாரித்து முடித்து அதைக் கையில் எடுத்ததும் அவர் கண் பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் போயிற்று. அதற்கு முன்பே அக்கா லேமினேஷன் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். புதிர்களுக்குத் தனியாக இரண்டு பென் டிரைவ், ஒன்று வீட்டில், ஒன்று என் கைப்பையில். தெருவில் மற்றவர்கள் சுவரில் தொங்கியதையெல்லாம் கழற்றிவிட்டார்கள். தையற்கடைக்காரர் மட்டும் கழற்றவில்லை. புறா வருவதில்லையாம்.

இப்போது அத்தான் பின்னறைக்குப் போவதில்லை. புதுப் புதிரை வாங்கிக்கொண்டு கடை முகப்பிலேயே, எல்லோரும் பார்க்க, உட்கார்ந்து திணறுகிறார். நகலெடுக்க வருகிறவர்களிடம் விடை கேட்கிறார். அக்கா மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று மதியம் அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, தலையைச் சொறிந்து, அவள் பக்கம் திரும்பினார்.

"ஒருவேளை..." என்றார்.

நான் பழக்கத்தில் நழுவப் பார்த்தேன். அக்கா நழுவவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள். அவர் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லிக் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

"ஒருவேளை, இந்த ஒண்ணுக்கு மட்டும் விடையைச் சொல்லிடறியா?"

"மாட்டேன்" என்றாள் அக்கா. அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.